பள்ளிச் சூழலைத் திருத்தி மாணவர் சீண்டலைக் குறைப்பது எப்படி?

ஒரு பள்ளியில் சக மாணவரைச் சீண்டுவதும் அவமதிப்பதும் ஓயாமல் நடந்துகொண்டிருந்தால், முரட்டுப் பிள்ளைகள் சிலர் வந்து சேர்ந்துவிட்டதாகவே பெரும்பாலும் முடிவு செய்கிறோம். அந்தச் சிலரைக் கண்டுபிடித்து, பெற்றோரை வரவழைத்து, எழுதி வாங்கிக்கொண்டு, மிஞ்சிப்போனால் மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிட்டால் பள்ளி அமைதியாகிவிடும் என்று நம்புகிறோம். அடுத்த ஆண்டு வேறு நான்கு பேர் அதே மாடிப்படியில், அதே இடைவேளையில், அதே வேலையைச் செய்கிறார்கள். ஆட்கள் மாறியும் செயல் மாறவில்லை என்றால், அந்தச் செயலுக்கு இடம் கொடுப்பது எது என்பதைத் தேட வேண்டும். தலைமையாசிரியர்களும், வகுப்பாசிரியர்களும், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோரும் அதை எப்படித் தேடலாம், கண்டுபிடித்த பின் என்ன செய்யலாம் என்பதை இங்கே சொல்கிறேன். 8 முதல் 12 வரையிலான வகுப்புகள் உள்ள தமிழ்நாட்டு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளை மனத்தில் வைத்து எழுதியிருந்தாலும், பெரும்பகுதி எந்தப் பள்ளிக்கும் பொருந்தும்.

எதைச் சீண்டல் என்று கணக்கில் கொள்வது என்பதை ஆசிரியர்கள் எல்லோரும் முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். நார்வேயின் உளவியலாளர் டான் ஓல்வேயஸ் வகுத்துத் தந்த மூன்று அடையாளங்கள் இன்றும் பயன்படுகின்றன: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, செய்பவருக்கும் படுபவருக்கும் இடையே பலத்தில் ஏற்றத்தாழ்வு இருப்பது. சம பலமுள்ள இருவர் பந்துக்காக ஒரு நாள் மல்லுக்கட்டினால் அது சண்டை. நிறத்தை, உடலின் பருமனை, குரலை, நடையை, சாதியை, அப்பா செய்யும் தொழிலைச் சொல்லி ஒரே பிள்ளையை வாரம் முழுவதும் பலர் சேர்ந்து அழைத்துக்கொண்டிருந்தால், ஒரு அடிகூட விழாவிட்டாலும் அது துன்புறுத்தல். ஒருவரோடு யாரும் பேசக் கூடாது என்று வகுப்பே ஒதுக்கி வைப்பதும் இதில் அடங்கும். குறிப்பாகப் பெண் பிள்ளைகளிடையே இது நடக்கும்போது பெரியவர்கள் கண்ணில் படுவதே இல்லை.

உலக அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு மாணவர், முந்தைய ஒரு மாதத்துக்குள் சக மாணவர்களால் சீண்டப்பட்டதாகச் சொல்வதை யுனெஸ்கோ 2019இல் வெளியிட்ட அறிக்கை எடுத்துக்காட்டியது. இதன் விளைவு பள்ளி வாசலோடு முடிவதில்லை. திங்கட்கிழமை காலையில் மட்டும் வரும் வயிற்று வலி, காரணம் சொல்லாத விடுப்பு, தூக்கமின்மை, சட்டென்று சரியும் மதிப்பெண், நண்பர்களிடமிருந்து விலகுதல் ஆகியவை ஆசிரியர் பார்வைக்கு முதலில் வரும் அறிகுறிகள். மனநலச் சிக்கல்களில் பாதி 14 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்வதால், இந்த வயதில் ஒரு பிள்ளை எட்டு மணி நேரம் எந்தச் சூழலில் இருக்கிறது என்பது மருத்துவமனையின் அக்கறை மட்டுமாக இருக்க முடியாது.

சூழல் என்ற சொல் மிகப் பொதுவாகத் தோன்றலாம். அதை நான்கு கேள்விகளாக்கினால் கையில் பிடிபடும். என்னைப் பற்றி அக்கறைப்படும் ஆசிரியர் ஒருவராவது இங்கே இருக்கிறாரா? இந்தப் பள்ளி எனக்கும் உரியது என்று உணர்கிறேனா? இங்கே எடுக்கப்படும் முடிவுகளில் என் சொல்லுக்கு இடம் உண்டா? படிப்பில் எனக்குப் பிடிப்பு இருக்கிறதா? பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் 74 உயர்நிலைப் பள்ளிகளை வைத்து நடத்தப்பட்ட ‘செஹர்’ என்ற ஆய்வு, இத்தகைய கேள்விகளைக் கொண்டுதான் பள்ளிச் சூழலை அளந்தது. அதன் முடிவுகள் 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியாயின. ஒரு பகுதிப் பள்ளிகளில், குறுகிய காலப் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் அந்தப் பணிக்கென்றே அமர்த்தப்பட்டார். மற்றொரு பகுதியில் அதே நடவடிக்கைகளை அந்தந்தப் பள்ளியின் ஆசிரியரே பயிற்சி பெற்று நடத்தினார். மூன்றாம் பகுதியில் வழக்கமான வாழ்க்கைத் திறன் வகுப்புகள் மட்டுமே இருந்தன. ஆலோசகர் இருந்த பள்ளிகளில் சூழல் மேம்பட்டதோடு ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் மனச்சோர்வு அறிகுறிகளும் சீண்டலும் வன்முறையும் குறைந்தன. ஆய்வு அடுத்த கல்வியாண்டுக்கும் நீண்டபோது பலன் மேலும் கூடியது. ஆசிரியரே நடத்திய பள்ளிகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை.

இந்த முடிவை ஆசிரியர்கள் மீதான குறையாக வாசிப்பது நியாயமாகாது. பாடம் முடிக்கும் நெருக்கடி, தேர்வுப் பணி, இணையத்தில் ஏற்ற வேண்டிய விவரங்கள் எல்லாவற்றுக்கும் நடுவே இதையும் அவரிடமே கொடுத்தால் இது கடைசி வரிசைக்குப் போகும். அது மட்டுமல்லாமல், மதிப்பெண் போடுபவரிடமும் தண்டிக்கும் அதிகாரம் உள்ளவரிடமும் ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை தன் அவமானத்தைச் சொல்லத் தயங்குவது இயல்பு.

முதலில் வரைபடம்

வேலையை வெள்ளைத் தாளில் தொடங்குங்கள். பள்ளியின் தரைப்படத்தைப் பெரிதாக வரைந்து, வகுப்பறை, மாடிப்படி, கழிப்பறை, குடிநீர்க் குழாய், சத்துணவு வரிசை, சைக்கிள் நிறுத்துமிடம், விளையாட்டுத் திடலின் பின்பக்கச் சுவர், பேருந்து நிறுத்தம் ஆகிய எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அதைப் பிரதியெடுத்து 8 முதல் 12 வரையுள்ள மாணவர் அனைவருக்கும் கொடுத்து, பயமாக இருக்கும் இடங்களில் சிவப்புப் புள்ளியும் நிம்மதியாக இருக்கும் இடங்களில் பச்சைப் புள்ளியும் வைத்து, எந்த நேரத்தில் என்பதையும் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். பெயர் எழுத வேண்டாம். வகுப்பும், ஆணா பெண்ணா என்பதும் இருந்தால் போதும். எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே நிறப் பேனாக்களால், இடைவெளி விட்டு அமர்ந்து செய்ய வேண்டும். இல்லாவிட்டால் யார் சிவப்பு வைத்தார் என்பதே அடுத்த சீண்டலுக்குக் காரணமாகிவிடும். சேகரிக்கும் உறையை ஒட்டிக் கொடுப்பதும், அதை அந்த வகுப்பின் ஆசிரியர் பிரிக்காமல் இருப்பதும் முக்கியம்.

புள்ளிகள் சிதறிக் கிடக்காமல் ஒரு சில இடங்களிலும் நேரங்களிலும் குவிந்திருப்பதைப் பார்ப்பீர்கள். பெரும்பாலும் அவை பெரியவர் யாரும் இல்லாத இடங்களாகவும், ஒரு மணியிலிருந்து அடுத்த மணிக்கு மாறும் நேரங்களாகவும் இருக்கும். ஆசிரியர் வராத பாடவேளை, மாலைச் சிறப்பு வகுப்புக்கு முந்தைய அரை மணி நேரம், கூட்டமான பேருந்து ஆகியவற்றை விசாரித்துப் பாருங்கள். கழிப்பறை தனிக் கவனத்துக்கு உரியது. தாழ்ப்பாள் இல்லாத, வாசலில் மூத்த மாணவியர் கூடி நிற்கும் கழிப்பறைக்குப் போக அஞ்சி நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று வருவதும், மாதவிடாய் நாட்களில் அவர்கள் விடுப்பு எடுப்பதும் இதோடு சேர்ந்தவை. இங்கே ஒரு தாழ்ப்பாளும் ஒரு விளக்கும் எந்த அறிவுரைக் கூட்டத்தையும்விட அதிகம் செய்யும்.

பிறகு கால அட்டவணையில் கை வையுங்கள். சிவப்புப் புள்ளிகள் குவிந்த இடத்தில் அந்த நேரத்தில் ஓர் ஆசிரியர் நிற்க வேண்டும். பிரம்போடு நின்றால் சீண்டல் அடுத்த மறைவுக்கு நகர்ந்துவிடும். பிள்ளைகளோடு பேசிக்கொண்டு, பெயர் சொல்லி அழைத்துக்கொண்டு நிற்பவரே தேவை. இடைவேளையை ஆறாம் வகுப்புக்கும் பதினொன்றாம் வகுப்புக்கும் பத்து நிமிட வித்தியாசத்தில் வைக்க முடிந்தால், குடிநீர்க் குழாயடித் தள்ளுமுள்ளு பாதியாவது தணியும். பந்து, கயிறு, கேரம் பலகை போன்றவை உணவு இடைவேளையில் கிடைத்தால் வேலையின்றித் திரியும் கூட்டம் சிறுக்கும்.

ஆசிரியர் அறையிலிருந்து வகுப்பறைக்குப் போகும் சொற்கள்

இந்தப் பகுதியை எழுதாமல் விட்டால் மற்றவை எல்லாம் வீண். ‘மக்கு’, ‘தடியா’, ‘கடைசி பெஞ்ச் கேஸ்’ என்று ஆசிரியர் வாயிலிருந்து வரும் பெயர் அன்று மாலைக்குள் வகுப்பின் சொத்தாகிவிடுகிறது. யாரை இழிவுபடுத்தலாம் என்பதற்கு மாணவர்கள் பெறும் அனுமதிச்சீட்டு அது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது என்பதை ஆசிரியர் கூட்டத்தில் வாசித்துக் காட்டுவது பயன் தரும். அதைவிடப் பயன் தருவது, மாணவரை அழைக்கும் முறையைப் பற்றி ஆசிரியர்கள் தங்களுக்குள் ஒரு பக்க அளவில் உறுதிமொழி எழுதிக்கொண்டு, அதை மாணவர்களுக்கும் தெரியும்படி ஒட்டுவது.

தீய நோக்கம் சிறிதும் இல்லாமல் செய்யப்படும் அலுவலக வேலைகளிலும் இந்த அவமதிப்பு ஒளிந்திருக்கிறது. கல்வி உதவித்தொகைப் படிவம் நிரப்பும் நாளில், இன்ன சாதிப் பிரிவினர் எழுந்து நில்லுங்கள் என்று வகுப்பில் கூப்பிடுவதை நிறுத்த வேண்டும். ஆவணங்களைத் தனித்தனியாக அலுவலகத்தில் பெற்றுக்கொள்ள அரை நாள் கூடுதலாக ஆகலாம். அந்த அரை நாளைச் செலவிடுங்கள். மதிப்பெண் பட்டியலை உரக்க வாசிப்பது, கட்டணம் கட்டாதவர்களை வரிசையாக நிறுத்துவது, நன்றாகப் படிப்பவர்களை முன்வரிசையில் நிரந்தரமாக உட்கார வைப்பது ஆகியவையும் இதே வகையைச் சேர்ந்தவை.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வீட்டிலேயே சக மாணவர்களால் அரிவாளால் வெட்டப்பட்ட பிறகு, தமிழ்நாடு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அளிக்கப்பட்ட அதன் அறிக்கை, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவற்றைத் தடை செய்யவும், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயர்களை நீக்கவும், மாணவர்களை அகர வரிசைப்படி அமர்த்தவும் பரிந்துரைத்தது. இவற்றில் கடைசிப் பரிந்துரைக்கு அரசாணை எதுவும் தேவையில்லை. வகுப்பாசிரியர் நாளையே செய்யலாம். அகர வரிசையில் தொடங்கி மாதத்துக்கு ஒரு முறை வரிசைகளைச் சுழற்றினால், ஊரும் தெருவும் சார்ந்த கூட்டங்கள் வகுப்பறைக்குள் அப்படியே வந்து அமர்வது தடைபடும்.

சொல்வதற்கு ஒரு பெட்டி, கேட்பதற்கு ஒருவர்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்ற பெட்டி வைக்கும்படி அரசு அறிவுறுத்தியிருக்கிறது. பல இடங்களில் அது தலைமையாசிரியர் அறை வாசலில் தொங்குகிறது. அங்கே வந்து தாள் போடுபவரை எல்லோரும் பார்ப்பார்கள் என்பதால் அது காலியாகவே இருக்கும். நூலகத்திலோ, எல்லோரும் கடந்து போகும் நடையிலோ வைத்து, எல்லா மாணவரும் வாரத்தில் ஒரு நாள் ஒரு தாள் போட வேண்டும் என்று வழக்கமாக்கிவிடுங்கள். சொல்ல எதுவும் இல்லாதவர் வெறும் தாளை மடித்துப் போடட்டும். எல்லோரும் போடும்போது யார் எழுதினார் என்பது மறைந்துவிடும்.

வரும் தாள்களை இருவர் சேர்ந்து குறித்த நாளில் பிரிக்க வேண்டும். அவர்களில் ஒருவர் பெண் ஆசிரியராக இருப்பது நல்லது. குழாய் உடைந்திருப்பது, ஒரு பாடத்துக்கு ஆசிரியர் இல்லாதது போன்ற பொதுக் குறைகளுக்கு அடுத்த வாரக் காலை வணக்கக் கூட்டத்தில் பதில் சொல்லுங்கள்: இது சரி செய்யப்பட்டது, இதற்கு நிதி கேட்டிருக்கிறோம், இதைச் செய்ய இயலாது. சிறிய குறைகளுக்குப் பதில் வருவதைப் பார்த்த பின்னரே பிள்ளைகள் பெரிய துயரங்களை எழுதத் துணிவார்கள். தனி ஒருவரைப் பற்றிய தாளைக் கூட்டத்தில் வாசிக்கக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. ஆனாலும் அது நடப்பதால் சொல்கிறேன்.

கேட்பவர் யார் என்பதே கடினமான பகுதி. 500-க்கும் மேற்பட்ட மாணவர்கள் உள்ள பள்ளிகளுக்குப் பள்ளி நல அலுவலர் வேண்டும் என்று சந்துரு குழு கூறியதும், நாலந்தாவில் தனி ஆலோசகர் இருந்த பள்ளிகளே மாறியதும் ஒரே திசையைக் காட்டுகின்றன. அப்படி ஒருவர் கிடைக்கும் வரை, மாணவர்கள் தாங்களே நம்பும் ஒருவரை இரகசிய வாக்கெடுப்பால் தேர்ந்தெடுக்கச் செய்து, அவருக்குப் பாடவேளைகளைக் குறைத்துக் கொடுங்கள். குறைக்காமல் பொறுப்பை மட்டும் கொடுப்பதால் எதுவும் நடவாது. அவர் உடற்கல்வி ஆசிரியராகவோ, நூலகராகவோ, ஆய்வக உதவியாளராகவோ இருந்தாலும் தடையில்லை.

ஒரு நிகழ்வு தெரியவந்ததும்

பாதிக்கப்பட்ட பிள்ளையைத் தனியாக, வகுப்புத் தோழர்கள் கவனிக்காத விதத்தில் அழைத்துப் பேசுங்கள். நடந்ததை முழுவதும் கேட்டு முடித்த பின் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இதை எங்களிடம் சொன்னதால் உனக்கு என்ன நேரும் என்று பயப்படுகிறாய் என்பதே. நாங்குநேரி மாணவர் பள்ளிக்கு வராமல் இருந்து, பிறகு காரணத்தைச் சொன்ன நிலையில்தான் வீடு தேடி வந்து தாக்கப்பட்டார் என்பதை ஒவ்வொரு ஆசிரியரும் நினைவில் வைத்திருக்க வேண்டும். புகாருக்கும் பழிவாங்கலுக்கும் இடையிலான அந்தச் சில மணி நேரங்களுக்குத் திட்டம் இல்லாமல் புகாரை வாங்குவது ஆபத்தானது. அன்று மாலை அந்தப் பிள்ளை யாரோடு வீட்டுக்குப் போகும், எந்தப் பேருந்தில் போகும், பெற்றோருக்கு யார் தொலைபேசியில் சொல்வது என்பதை முடிவு செய்துவிட்டே எதிர்த்தரப்பை அழையுங்கள்.

இரு தரப்பையும் ஒரே மேசையில் உட்கார வைத்துக் கைகுலுக்கச் செய்யும் சமரசம் நம் பள்ளிகளில் மிகப் பரவலாக இருக்கிறது. சம பலமுள்ளவர்களின் சண்டைக்கு அது உதவும். துன்புறுத்தலில் அது பலவீனமானவரை மீண்டும் ஒரு முறை அதே முகங்களுக்கு முன் நிறுத்துகிறது. அறைக்கு வெளியே வந்ததும் இரண்டாவது சுற்று தொடங்கும். செய்தவர்களிடம் ஒவ்வொருவராக, கூட்டமாகச் சேர்ந்து கதை கட்ட அவகாசம் கொடுக்காமல், அமைதியாகப் பேசுங்கள். நடந்தது எங்களுக்குத் தெரியும், அது உடனே நிற்க வேண்டும், அந்தப் பிள்ளை நிம்மதியாக இருக்க நீ என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டு, அவர் சொல்வதை எழுதிக்கொண்டு, ஒரு வாரத்தில் மீண்டும் சந்திப்பதாகச் சொல்லி, அப்படியே சந்தியுங்கள். பின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘கிவா’ என்ற சீண்டல் தடுப்புத் திட்டமும் தனித்தனி உரையாடல், தொடர் சந்திப்பு என்ற இந்த வழியைத்தான் பின்பற்றுகிறது. முதல் தவறுக்கே பள்ளியை விட்டு நீக்கும் கடும் விதிகளால் பள்ளிகள் பாதுகாப்பானதாக மாறியதற்குச் சான்று இல்லை என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஆய்வுக் குழு 2008இல் முடிவுக்கு வந்தது. நீக்கப்பட்ட பிள்ளை எங்கே போகிறது என்பதையும் நாம் யோசிக்கக் கடமைப்பட்டவர்கள். சீண்டுபவர்களில் சிலர் வீட்டிலோ விடுதியிலோ தாங்களே அடிபடுபவர்கள்.

பள்ளிக்குள் பேசி முடிக்கக் கூடாத நிகழ்வுகளும் உண்டு. பாலியல் தொடர்பான எதுவும், அந்தரங்கப் படங்களைப் பரப்புவது உட்பட, 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்கீழ் காவல்துறைக்குத் தெரிவிக்கப்பட்டே ஆக வேண்டும். தெரிந்தும் மறைப்பது குற்றம். சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவதும் ஆயுதத்தைக் காட்டி மிரட்டுவதும் பள்ளியின் மானத்தைக் காக்க மூடி மறைக்கத் தக்கவை அல்ல. குழந்தைகள் உதவி எண் 1098, தமிழ்நாட்டுக் கல்வி உதவி எண் 14417, மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண் 14416, இணையக் குற்றங்களுக்கான 1930 ஆகியவற்றை ஒவ்வொரு வகுப்பறையிலும், கழிப்பறைக் கதவின் உட்புறத்திலும் எழுதி வையுங்கள். கதவின் உட்புறத்தில் என்றால் யாரும் பார்க்காமல் குறித்துக்கொள்ள முடியும். சாவைப் பற்றி ஒரு பிள்ளை பேசினால், எழுதினால், அன்றே பெற்றோரையும் மருத்துவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது வரை தனியே விடாதீர்கள்.

பார்த்துக்கொண்டு நிற்பவர்கள்

கனடாவில் பள்ளித் திடல்களைப் படம்பிடித்து ஆராய்ந்தவர்கள், பெரும்பாலான சீண்டல்கள் மற்ற பிள்ளைகளின் கண் முன்னே நடப்பதையும், யாராவது ஒருவர் குறுக்கிட்டபோது அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை 10 விநாடிக்குள் நின்றுவிட்டதையும் 2001இல் பதிவு செய்தார்கள். எனவே சிரித்து உற்சாகமூட்டும் நடுக்கூட்டத்தோடு செலவிடும் நேரம் வீணாகாது. எதிர்த்து நில் என்று அவர்களிடம் சொல்வது போதாது. அடுத்த குறி அவர்களாகிவிடுவார்கள். சிரிக்காமல் இருப்பது, ‘வாடா போகலாம், சார் கூப்பிடுறார்’ என்று சொல்லி அந்தப் பிள்ளையை வெளியே அழைத்துவருவது, சாப்பிடும்போது பக்கத்தில் போய் உட்காருவது, மாலையில் ஒரு பெரியவரிடம் சொல்வது ஆகிய சிறு செயல்களை வகுப்பில் நடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு நண்பர் இருந்தாலும் துன்புறுத்தலின் காயம் குறைகிறது.

கைப்பேசிக் குழுக்களில் நடப்பதற்கும் இதுவே வழி. வகுப்புக் குழுவில் ஒருவர் படத்தைச் சிதைத்துப் பகிர்ந்தால், பரப்பாமல் ஆசிரியரிடம் காட்டச் சொல்லுங்கள். திரைப்பதிவு எடுத்து வைத்த பின்னரே நீக்கச் சொல்லுங்கள்.

மாற்றம் வந்ததா என்று பார்ப்பது

காலாண்டுத் தேர்வுக்கு முன் வரைந்த வரைபடத்தை அரையாண்டுக்கு முன்னும், ஆண்டு இறுதிக்கு முன்னும் அதே முறையில் மீண்டும் வரையச் செய்யுங்கள். கூடவே நான் மேலே சொன்ன நான்கு கேள்விகளையும் ஆம், ஓரளவு, இல்லை என்று பதிலளிக்கும்படி கேளுங்கள். முதல் பருவத்தில் பெட்டிக்கு வரும் தாள்கள் பெருகினால் நிலைமை கெட்டுவிட்டதாகக் கருதி அஞ்ச வேண்டாம். அது வரை பேசாமல் இருந்தவர்கள் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். தாள்கள் பெருகி, சிவப்புப் புள்ளிகள் குறைந்து, காரணமில்லாத விடுப்பும் குறைந்தால் சரியான வழியில் போகிறீர்கள். தாள்களும் குறைந்து, புள்ளிகள் அப்படியே இருந்தால், புகார் செய்த யாரோ ஒருவருக்கு ஏதோ நேர்ந்திருக்கிறது என்று கருதி உடனே விசாரியுங்கள். இந்த வரைபடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் முன்னிலையில் அருகருகே விரித்து வைத்து, தாழ்ப்பாள், விளக்கு, மாலை நேரப் பேருந்து என்று பெற்றோராலும் உள்ளாட்சியாலும் செய்து தர முடிந்தவற்றை அந்தக் கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.